முற்றுகை வரைபடங்களில் நம் ஊரைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததில் தொடங்கி 1801-இல் காளையார்கோவில் வீழ்ந்தது வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்நாட்டின் கோட்டைகளும் ஏரிக்கரைகளும் தோப்புகளும் போர்க்களமாகவே கிடந்தன. அந்தப் போர்களுக்காக வரைந்த படங்கள் இலண்டனிலும் பாரிஸிலும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் பலவற்றை இன்று வீட்டிலிருந்தே கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது. ஆனால் நம் ஊர்க்காரர்கள் அவற்றைத் திறந்து பார்ப்பது மிகக் குறைவு. இந்தப் படங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முற்றுகை வரைபடம் என்பது என்ன? ஊர் வரைபடத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஊர் வரைபடம் தெருவையும் வீட்டையும் காட்டும். முற்றுகை வரைபடத்துக்கு அவை முக்கியமில்லை. மதில் எவ்வளவு தூரம், பீரங்கியை எங்கே நிறுத்தலாம், எந்தப் பக்கம் தண்ணீர், எந்தப் பக்கம் சதுப்பு, படை மறைந்து நிற்க எங்கே தோப்பு இருக்கிறது என்பவைதான் அதற்கு முக்கியம். மதிலை வளைப்பதை உழிஞை என்றும் மதிலைக் காப்பதை நொச்சி என்றும் நம் இலக்கணம் பிரித்தது. இந்த இரண்டையும் ஒரே தாளில் காட்டுவதுதான் முற்றுகை வரைபடம். உள்ளே நொச்சி, வெளியே உழிஞை, நடுவில் வெற்று நிலம். அந்த வெற்று நிலத்தைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யார் வரைந்தார்கள்? களத்தில் நின்றா வரைந்தார்கள்?

சிலர் களத்தில் நின்று வரைந்தார்கள். 1758-59 சென்னை முற்றுகையின்போது கோட்டைக்குள் பொறியாளராக இருந்தவர் ஜான் கால். காலின் மெக்கன்சி 1793 புதுச்சேரி முற்றுகையிலும் 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையிலும் பொறியாளராகப் பணியாற்றினார். ஓலைச்சுவடிகளையும் ஊர் வரலாற்றுக் குறிப்புகளான கைபீதுகளையும் தேடித்தேடிச் சேர்த்த அதே மெக்கன்சிதான் இவர். 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரானார். வங்காளத்தை அளந்து புகழ்பெற்ற ஜேம்ஸ் ரென்னல், இளைஞராகக் கடற்படையில் இருந்தபோது 1760-61 புதுச்சேரி முற்றுகையைக் கண்ணால் பார்த்தவர்.

இன்னொரு வகையினர் களத்தை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள். பிரெஞ்சு வரைபடக் கலைஞர் தான்வீல் 1752-இல் இந்தியா முழுமைக்கும் வரைபடம் வெளியிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பயணிகளின் குறிப்புகள், மாலுமிகளின் அளவுகள், கடிதங்கள் ஆகியவற்றை வைத்துப் பாரிஸில் உட்கார்ந்தே வரைந்தார். தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பாமல் வெறுமையாக விட்டார் என்பதற்காக அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இந்த இரு வகையினருக்கும் நடுவில் ராபர்ட் ஓர்ம் நிற்கிறார். அஞ்சுதெங்கில் பிறந்து, சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆலோசனை சபையில் இருந்து, பிறகு இலண்டன் திரும்பி இந்தப் போர்களின் வரலாற்றை எழுதினார். முதல் தொகுதி 1763-இல் வந்தது. அந்த வரலாற்றோடு அச்சான படங்கள்தான் இன்றுவரை அதிகமாகப் புழங்குபவை.

படத்தைத் திறந்தால் ஊர்ப்பெயர் எதுவும் புரியவில்லையே?

இதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். கண்ணால் வாசிக்காதீர்கள், வாய்விட்டு வாசியுங்கள். வெள்ளைக்காரக் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படி எழுதியிருக்கிறார்கள். உங்கள் காதுக்கு அது திரும்பி வரும்.

திருச்சியைச் சுற்றிய படத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்கே ஒரு குன்று, பெயர் ‘எலிமிசேரம்’. எலிக்கும் அந்தக் குன்றுக்கும் சம்பந்தமில்லை. இரண்டு மூன்று முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், எறும்பீசுவரம் என்று வரும். அது திருவெறும்பூர் மலைக்கோவில். மேற்கே ‘வெய்கொண்டா’ என்பது உய்யக்கொண்டான் திருமலை. ‘வாரியூர்’ என்பது உறையூர். காவிரிக்கு நடுவில் ‘ஜம்பகிஸ்ட்னா’ என்று ஒரு கோவில் இருக்கும். கிருஷ்ணர் கோவில் என்று ஏமாந்துவிடக் கூடாது. அது ஜம்புகேசுவரம், நம் திருவானைக்கா. ‘கோல்ரூன்’ கொள்ளிடம். அதற்கு வடக்கே ‘பிச்சண்டா’ என்பது பிச்சாண்டார்கோவில். இன்னும் வடக்கே போனால் ‘சாமியவேரம்’. 1752-இல் கிளைவ் முகாமிட்ட அந்த ஊர், இன்று செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸில் நிற்க இடமில்லாத சமயபுரம்.

வடக்கே வந்தால் ‘பெர்மகோயில்’ பெருமுக்கல், ‘சட்ராஸ்’ சதுரங்கப்பட்டினம், ‘அவுட்ரமலூர்’ உத்திரமேரூர், ‘திரிவாடி’ பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவதிகை. ‘சேட்பெட்’ என்று வந்தால் சென்னை சேத்துப்பட்டு என்று நினைத்துவிடாதீர்கள். படைகள் மோதிக்கொண்டது செஞ்சிக்கு வடக்கே, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டுக் கோட்டைக்காக. ‘வால்கொண்டா’ என்பது வாலிகண்டபுரம் பக்கம். 1751-இல் அங்கே நடந்த சண்டையில் படத்தில் தெரியும் கோட்டை ரஞ்சன்குடி.

சில பெயர்கள் மொழிபெயர்ப்பாக இருக்கும். திருச்சிப் படத்தில் ‘தங்கப்பாறை’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஒரு குன்றைக் குறித்து, அதைச் சுற்றி 1753-இன் சண்டைகளைக் காட்டியிருப்பார்கள். அதுதான் பொன்மலை. ரயில்வே பணிமனைக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் அந்தப் போர்க்களத்தைக் கடந்துதான் போகிறார்கள்.

பெயர்களைத் தவிர வேறு நம் சொற்கள் உண்டா?

நிறைய உண்டு. தோப்பு, பேட்டை, சாவடி ஆகிய சொற்களை அந்த ஆங்கிலேயர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஏனென்றால் அவர்கள் ஊரில் அந்தப் பொருள்கள் இல்லை. போர்க்களத்தில் தோப்பின் பங்கு மிகப் பெரிது. நிழல், விறகு, மறைவு மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. அதனால் ஒவ்வொரு தோப்பையும் தவறாமல் குறித்திருக்கிறார்கள். ஏரிகளும் அப்படித்தான். ஏரிக்கரை என்பது யாரோ ஏற்கெனவே கட்டிவைத்த மண் அரண். நாம் விவசாயத்துக்குப் போட்ட கரையில் அவர்கள் பீரங்கியை நிறுத்தினார்கள்.

நிறங்களுக்கும் கோடுகளுக்கும் என்ன பொருள்?

கையால் வண்ணம் தீட்டிய பிரெஞ்சுப் பொறியாளர் படங்களில், கல்லாலும் செங்கல்லாலும் கட்டியவை இளஞ்சிவப்பில் இருக்கும். மஞ்சள் என்றால் எச்சரிக்கையாக இருங்கள். அது கட்ட வேண்டும் என்று திட்டமிட்ட பகுதி. கட்டினார்களா இல்லையா என்பது வேறு கேள்வி. இல்லாத கொத்தளத்தை இருந்ததாக எழுதிவிடும் தவறு பெரும்பாலும் இந்த மஞ்சளால் வருவது.

அம்புமுனை போல வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை கொத்தளங்கள். வட்டக் கொத்தளத்தின் அடியில், மேலிருந்து சுடுபவர் கண்ணுக்குப் படாத ஒரு மூலை இருக்கும். அம்புமுனை வடிவில் கட்டினால் பக்கத்துக் கொத்தளத்திலிருந்து அந்த மூலையைச் சுட முடியும். புதுச்சேரியின் லூயி கோட்டை இப்படி ஐந்து முனைகள் கொண்டதாக இருந்தது. படத்தில் நட்சத்திரம் போலத் தெரியும்.

வெளியிலிருந்து கோட்டையை நோக்கி வளைந்து வளைந்து வரும் கோடு, முற்றுகையிட்டவர்கள் வெட்டிய பதுங்குகுழி. நேராக வெட்டினால் மதிலிலிருந்து சுடும் ஒரே குண்டு குழியின் நீளத்துக்கும் பாய்ந்துவிடும். அதற்காகத்தான் அந்த வளைவு. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் வோபான் முறைப்படுத்திய உத்தி இது. மதிலுக்கு இணையாக ஒரு குழி, அதிலிருந்து வளைந்து முன்னேறி இரண்டாவது இணைக்குழி, பிறகு மூன்றாவது. இரவில் வெட்டி, பகலில் அதற்குள் ஒளிந்திருப்பார்கள்.

தூரத்தை எப்படிக் கணக்கிடுவது? வடக்கு எது?

பிரெஞ்சுப் படங்களில் அளவு ‘துவாஸ்’ கணக்கில் இருக்கும். ஒரு துவாஸ் என்பது ஆறு பிரெஞ்சு அடி, ஏறத்தாழ 1.95 மீட்டர். பிரெஞ்சு அடி ஆங்கில அடியைவிட நீளமானது, 30.5 சென்டிமீட்டருக்குப் பதில் 32.5 சென்டிமீட்டர். இதைக் கவனிக்காமல் இரண்டு நாட்டுப் படங்களையும் ஒப்பிட்டால் கோட்டை ஒரே ஆண்டில் வளர்ந்துவிட்டதுபோல் தோன்றும். வடக்கு மேலேதான் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். திசைகாட்டிப் பூவைத் தேடுங்கள். கடற்கரை ஊர் என்றால் கடல் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே போதும்.

ஒரே சம்பவத்துக்கு இரண்டு தேதிகள் இருக்கின்றன. எது சரி?

இரண்டும் சரிதான். ஆங்கிலேயர்கள் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் புதிய கிரிகோரியன் நாட்காட்டியில் இருந்தார்கள். இடைவெளி 11 நாட்கள். சென்னை சரணடைந்தது ஆங்கிலேயருக்கு 1746 செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரருக்கு செப்டம்பர் 21. அதேபோல் அடையாற்றுச் சண்டைக்கு ஆங்கிலேயர் கணக்கில் அக்டோபர் 24, பிரெஞ்சுக் கணக்கில் நவம்பர் 4 என்று சொல்கிறார்கள். புதுச்சேரியில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, ஐரோப்பியத் தேதியோடு அட்சய வருஷம், விபவ வருஷம் என்று நம் கணக்கையும் சேர்த்து எழுதினார். குழப்பம் வரும்போது நான் முதலில் போய் நிற்பது அவரிடம்தான்.

இந்தப் படங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

அளந்ததை நம்பலாம், சொன்னதைச் சோதிக்க வேண்டும். பீரங்கி மேடைக்கும் மதிலுக்கும் உள்ள தூரத்தைத் தவறாக வரைந்தால் குண்டு போய்ச் சேராது. அதனால் முற்றுகையிட்ட பக்கத்து நிலம் பெரும்பாலும் துல்லியமாக இருக்கும். எதிரியின் கோட்டைக்கு உள்ளே இருக்கும் தெருக்கள் அப்படியல்ல. அவற்றை ஒற்றர்களும் கைதிகளும் சொன்னதை வைத்து வரைந்தார்கள். போர்க்களப் படங்களில் சதுரம் சதுரமாக நிற்கும் படைப் பிரிவுகளை இன்னும் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதியதைப் போன்ற சண்டைகளில் காலையில் நின்ற இடம், நண்பகலில் நின்ற இடம், துரத்திய வழி எல்லாம் ஒரே தாளில் விழும். புழுதியும் புகையும் சூழ்ந்த ஒரு நாளைப் பிற்பாடு ஒருவர் ஒழுங்காக அடுக்கி வைத்ததுதான் அந்தப் படம். அந்த ஒருவர் பெரும்பாலும் வென்ற தளபதியின் அதிகாரி என்பதையும் மறக்கக் கூடாது.

சில நேரம் படமே தளபதியைக் காட்டிக்கொடுத்துவிடும். 1748-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் பெரிய கப்பற்படையோடு புதுச்சேரியை முற்றுகையிட்டார். வழக்கமாகப் பதுங்குகுழியை மதிலிலிருந்து 800 கெஜ தூரத்தில் தொடங்குவார்கள். அவருடைய பொறியாளர்கள் 1,500 கெஜத்தில் தொடங்கினார்கள். தொடங்கிய இடத்துக்கும் கோட்டைக்கும் நடுவில் சதுப்பு வேறு கிடந்தது. அளவுகோலை வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். தோல்வியின் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். மழைக்காலம் வந்தது, அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் செத்துப்போயிருந்தார்கள். உடன் வந்த நம்மவர்களை யார் எண்ணினார்கள்?

படத்தில் காற்றும் இருக்காது. 1760 டிசம்பர் கடைசி இரவில் அடித்த புயல் புதுச்சேரிக்கு வெளியே நின்ற ஆங்கிலேயக் கப்பல்களை மூழ்கடித்து, கரையில் கட்டிய பீரங்கி மேடைகளையும் தரைமட்டமாக்கியது. இரண்டு வாரத்தில் புதுச்சேரி வீழ்ந்துவிட்டது. அந்த முற்றுகையின் படங்களில் மேடைகள் புயலே அறியாதவைபோல நேர்த்தியாக நிற்கின்றன.

இந்தப் படங்களில் மக்கள் எங்கே?

அந்த வெற்று நிலத்தில்.

1760-61 புதுச்சேரி முற்றுகைப் படத்தைத் திறந்துகொள்ளுங்கள். நகர மதிலுக்கு வெளியே பெரிய அரைவட்டமாக ஒரு கோடு ஓடும். அது முள்வேலி. கள்ளியும் முட்செடிகளும் அடர்த்தியாக வளர்த்த உயிர்வேலி. அதில் சாலைகள் நுழையும் இடங்களில் நான்கு காவல் அரண்கள் உண்டு. அந்தந்தச் சாலை போகும் ஊரின் பெயரே அவற்றுக்கும்: சென்னை, வழுதாவூர், வில்லியனூர், அரியாங்குப்பம். ஆங்கிலேயர்கள் வேலியைக் கைப்பற்றினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மதிலுக்குள் போனார்கள். வேலிக்கும் மதிலுக்கும் நடுவில் படத்தில் ஒன்றுமில்லை, வெறும் தாள்.

நவம்பர் கடைசியில் உள்ளே தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. நகரில் மீதியிருந்த உள்ளூர் மக்களை, ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் ஏறத்தாழ 1,400 பேரை, லாலி வெளியே விரட்டினார். கூட்டின் படைகள் அவர்களை வேலியைத் தாண்ட விடவில்லை. வெளியே விட்டால் உள்ளே பட்டினி குறைந்துவிடும் என்ற கணக்கு. திரும்பி மதிலுக்கு வந்தால் அங்கேயும் சுட்டார்கள். எட்டு நாட்கள் அந்த நிலத்தில், கிடைத்த புல்லையும் வேரையும் தின்று கிடந்தார்கள். பிறகுதான் போக விட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பேசியது தமிழ். அவர்கள் பெயர் எந்தப் படத்தின் விளக்கக் குறிப்பிலும் இல்லை. நான் இந்தப் படத்தை யாருக்குக் காட்டினாலும் முதலில் விரல் வைத்துக் காட்டுவது அந்த வெற்றுத் தாளைத்தான்.

பதுங்குகுழி வெட்டியவர்கள், பீரங்கி இழுத்த மாடுகளை ஓட்டியவர்கள், அரிசி சுமந்தவர்கள், இரு பக்கமும் செத்த சிப்பாய்கள் எல்லோரும் இதே வகையில்தான் காணாமல் போகிறார்கள். அவர்களைத் தேட நாட்குறிப்புகளையும் கம்பெனிக் கணக்குகளையும்தான் புரட்ட வேண்டும்.

ஒரு கோவிலும் அப்படிக் காணாமல் போயிருக்கிறது. 1748 செப்டம்பரில், முற்றுகையைச் சாக்காக வைத்து, புதுச்சேரியில் இயேசு சபையினரின் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோவிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்துவிட்டார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை மனம் வெந்து எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் கோவில் வேறிடத்தில் எழும்பியது. 1748-க்கு முன்னும் பின்னும் வரைந்த நகரப் படங்களை அருகருகே வைத்து அந்த மூலையைப் பாருங்கள்.

நம் பக்கத்தில் யாரும் வரையவில்லையா?

ஐரோப்பிய அளவுமுறையில் வரைந்த படத்தைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் களத்தைக் காட்ட வேறு வழிகள் இருந்தன. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் முறியடித்தார்கள். அந்தக் காட்சியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவர் முழுக்கத் தீட்டச் செய்தார். நடுவில் ஆங்கிலேயர்களின் சதுர அணி, அதற்குள் வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி, பல்லக்கில் பெய்லி. ஆங்கிலேயர் வரைந்த அதே சண்டையின் திட்டப்படத்தோடு இந்தச் சுவரை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் மருந்து வெடித்ததே திருப்பம். அளவு ஒன்றில் இருக்கிறது, கதறல் இன்னொன்றில் இருக்கிறது.

பாளையக்காரர் கோட்டைகளுக்குப் படம் உண்டா?

பெரிய கோட்டைகளுக்கு இருப்பதுபோல் ஏராளமாக இல்லை. பாஞ்சாலங்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 500 அடிக்கு 300 அடி, முழுக்க மண் சுவர், வெளியே முள்வேலி, அகழிகூட இல்லை. தாளில் பார்த்தால் ஒரு சாதாரண நீள்சதுரம். அந்த நீள்சதுரத்தின் முன்தான் 1799 செப்டம்பர் 5 அன்று ஆங்கிலேயத் தளபதி பானர்மேனின் தாக்குதல் தோற்றது. இடித்த கோட்டையை ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய பிறகு, 1801 மார்ச் 31 அன்று ஆங்கிலேயர்கள் மறுபடியும் தோற்றார்கள். மே 24-இல்தான் வீழ்ந்தது. கல் மதில் குண்டு பட்டால் சிதறும். ஒட்டும் தன்மையுள்ள மண் சுவர் குண்டை விழுங்கிக்கொள்ளும். இதை எந்த வரைபடக் குறியும் சொல்லாது. இன்று அங்கே நிற்பது 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையின் அடித்தளம் தனியாக இருக்கிறது.

காளையார்கோவிலுக்குக் காடே அரண். ஆங்கிலேயர்கள் சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிப் பாதை போட முயன்று, ஏறத்தாழ ஒரு மாதம் போராடிக் கைவிட்டார்கள். அந்தக் காடு இன்று படத்தில் மட்டுமே இருக்கிறது.

சென்னையில் எதையாவது நேரில் பார்க்க முடியுமா?

முடியும். அரை நாள் போதும். 1758-59 முற்றுகைப் படத்தின் நகலை எடுத்துக்கொண்டு பாரிமுனையில் இறங்குங்கள். 1758 டிசம்பர் 14 அன்று லாலியின் படை நுழைந்த கறுப்பர் நகரம் இதுதான். அடுத்த ஆண்டு பிப்ரவரி 16-இல் ஆங்கிலேயக் கப்பல்கள் கண்ணில் பட்டதும், மறுநாளே லாலி முற்றுகையைக் கைவிட்டார்.

அந்த இரண்டு மாதமும் ஆங்கிலேயருக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுத்தன. கோட்டைக்கு அருகில் கட்டடம் இருந்தால் எதிரிக்கு அதுவே மறைவு. எனவே கோட்டைக்கு எதிரே திறந்தவெளி விட்டு, எல்லையில் தூண்கள் நட்டார்கள். 1773-ஆம் ஆண்டைச் சொல்லும் அந்தத் தூண்களில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் அருகே இன்றும் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் அதன்மேல் கை ஊன்றிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். தூணுக்குத் தெற்கே, உயர் நீதிமன்ற வளாகம் இருக்கும் இடத்தில்தான் முதல் கறுப்பர் நகரம் இருந்தது. வீடுகள், கடைகள், கோவில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பீரங்கிக்குக் கண்பார்வை கொடுத்தார்கள்.

அங்கிருந்து பழைய சட்டக் கல்லூரிக் கட்டடத்துப் பக்கம் வாருங்கள். படத்தில் அந்த இடம் ஆங்கிலேயரின் இடுகாடு. பெரிய பெரிய கல்லறைகள் பிரெஞ்சுப் படைக்கு நல்ல மறைவாக அமைந்துவிட்டன. முற்றுகை முடிந்ததும் கல்லறைகளை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களைக் கோட்டைக்குள் கொண்டுபோனார்கள். கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றி நடந்தால் காலடியில் பாவியிருப்பவை அந்தக் கற்கள்தான். இரண்டு கல்லறைகளை மட்டும் விட்டுவிட்டார்கள். அவற்றில் ஒன்று ஆளுநர் யேலின் சின்னஞ்சிறு மகனுடையது. படத்தையும் அந்தக் கல்லறையையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் தாளில் இருக்கும் ஒரு சிறு கட்டத்துக்கு எவ்வளவு கனம் என்று எனக்கு உறைத்தது.

மற்ற ஊர்களில்?

மதுரையில் மதில் போய்விட்டது, தெருக்கள் இருக்கின்றன. 1840-களில் பிளாக்பர்ன் ஆட்சியராக இருந்தபோது கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. 1763-64-இல் கான்சாகிப் காத்து நின்ற மதிலின் வடிவத்தை இந்த வீதிகளையும் வெளி வீதிகளையும் வைத்தே வரைந்துவிடலாம். ஆற்காட்டில் 1751-இல் 50 நாள் முற்றுகை நடந்த கோட்டையின் மிச்சமாக டெல்லி வாயில் நிற்கிறது. திருச்சியில் மெயின்கார்டு கேட் இருக்கிறது.

படங்களை எங்கே பார்ப்பது?

பிரான்சின் தேசிய நூலகம் ‘காலிகா’ என்ற தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சேர்த்த இராணுவ வரைபடங்களை இங்கிலாந்தின் அரச சேகரிப்பு இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தில் ஓர்மின் தனிச் சேகரிப்பே உண்டு. பிரெஞ்சுக் காலனிப் பொறியாளர்களின் மூலப்படங்களுக்கு எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரின் ஆவணக் காப்பகம். நாகப்பட்டினம், பழவேற்காடு போன்ற டச்சு ஊர்களுக்கு ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகம். இங்கேயே தேட விரும்பினால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். தேடும்போது இன்றைய பெயரைப் போடாதீர்கள். மேலே சொன்ன சிதைந்த பெயரைப் போடுங்கள்.

பழைய படத்தை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்த முடியுமா?

கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். இரண்டு படங்களிலும் மாறாமல் இருக்கும் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து இணைக்க வேண்டும். நம் ஊரில் அதற்குக் கோவிலைவிட நல்ல புள்ளி இல்லை. கோபுரம், மதிலின் மூலை, தெப்பக்குளத்தின் மூலை, மலை உச்சி. ஆற்றங்கரையையும் கடற்கரையையும் எடுக்காதீர்கள், அவை நகர்ந்திருக்கும். குறைந்தது ஆறேழு புள்ளிகள் வேண்டும். அவற்றை ஒரே மூலையில் குவிக்காமல் படம் முழுக்கப் பரப்புங்கள்.

அசல் படத்தை விலைக்கு வாங்கலாமா?

என் கருத்தைக் கேட்டால், வேண்டாம். சந்தைக்கு வரும் அச்சுப்படங்கள் பல, பழைய புத்தகத்திலிருந்து கிழித்தெடுத்தவை. நடுவில் மடிப்புக் கோடுகள் இருந்தால் அதுதான் அடையாளம். வண்ணமும் பெரும்பாலும் பிற்காலத்தில் பூசியதாக இருக்கும். ஒரு படத்துக்காக ஒரு புத்தகத்தைக் கொல்வதற்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. நல்ல நகலைப் பெரிய தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

வயலில் பீரங்கிக் குண்டு கிடைத்தால்?

எடுத்துத் தேய்க்காதீர்கள், சூடாக்காதீர்கள். உள்ளே வெடிமருந்து நிரப்பிய குண்டுகளும் அன்று இருந்தன. கிடைத்த இடத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தெரிவியுங்கள். மண்ணுக்குள் கிடைக்கும் புதையலுக்கு 1878-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு உலோகம் தேடித் தோண்டுவது இன்னும் மோசம். எந்தக் குண்டு எந்த இடத்தில் கிடந்தது என்பதுதான் படத்தைச் சோதிக்க நமக்கிருக்கும் ஒரே வழி. இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அது வெறும் இரும்பு.

ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

திருச்சி. கோட்டையின் வடமேற்கு மூலையில் ‘டால்ட்டன் மேடை’ என்று இருக்கும். 1753 நவம்பர் 28, விடியற்காலை மூன்று மணிக்குப் பிரெஞ்சுப் படை அங்கே ஓசையில்லாமல் ஏறிவிட்டது. காவலர்களை மடக்கியும் விட்டது. பிறகு கைப்பற்றிய பீரங்கிகளையே ஊரை நோக்கித் திருப்பிச் சுட்டது. அந்தச் சத்தத்தில் கோட்டை முழுக்க விழித்துக்கொண்டது, திட்டம் பாழானது. அந்த மூலையைக் கண்டுபிடித்துவிட்டு, படத்தில் கிழக்கே விரலை நகர்த்துங்கள். எலிமிசேரம் வரும். உரக்கச் சொல்லிப் பாருங்கள்.